மூத்த குடிமக்கள் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்: ‘இளமை’ மாத்திரைக்கு நம் மண்டபத்தைக் கொடுக்காதீர்கள்

தலைவர் ஐயாவுக்கும் செயலாளர் அண்ணனுக்கும் செயற்குழுவினர் எல்லாருக்கும்,

அடுத்த மாதம் நம் மண்டபத்தில் ‘இளமை’ மாத்திரை விற்கும் அந்த நேரடி விற்பனைக் கம்பெனியின் நிகழ்ச்சி இரண்டாவது முறையாக நடக்கும், மதியச் சாப்பாடு இலவசம், பிள்ளைகளையும் கூட்டி வரலாம் என்று சங்கத்தின் வாட்சாப் குழுவில் அறிவிப்புப் போட்டிருக்கிறீர்கள். முதல் நிகழ்ச்சி முடிந்தபோதே நான் கடிதம் எழுதிப் புகார் கொடுத்தேன். ‘உறுப்பினர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

என் அம்மா உங்கள் சங்கத்தின் பழைய உறுப்பினர். அப்பா பட்டர்வொர்த்தில் துறைமுக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போன பிறகு அம்மாவுக்கு வீட்டை விட்டால் கோயில், கோயிலை விட்டால் சங்கம். மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை சாப்பிட வேண்டியவர். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உண்டாவதை அந்த மாத்திரை குறைக்கிறது. ஈஸ்ட்ரோஜனைக் கொண்டு வளரும் வகைப் புற்றுநோய் திரும்பி வராமல் இருக்கத்தான் வருடக்கணக்கில் அதைச் சாப்பிடச் சொல்கிறார்கள். கூடவே அது மூட்டு வலியையும் கொடுக்கும். காலையில் எழுந்தால் அம்மாவுக்கு விரல் மடங்காது, கைலியைக் கட்டவே கொஞ்ச நேரம் உட்கார்ந்து விரலை நீவி விட்டுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மேடையில் பேசிய ஆள் சரியாக இந்த வலியைத்தான் பிடித்துக்கொண்டார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, திரையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று எழுதிக்கொண்டு வந்தாரே, அவர்தான். மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம், நானும் தேடினேன், அந்தப் பெயர் அதில் இல்லை. எதில் டாக்டர் என்று நீங்களாவது கேட்டீர்களா? ஆஸ்பத்திரி மருந்து செல்லைக் கிழடாக்குகிறது, எங்கள் மாத்திரை டெலோமரேஸ் என்ற நொதியை எழுப்பிச் செல்லை இளமையாக்குகிறது, வலி போனால் மருந்து வேலை செய்கிறது என்று நீங்களே தெரிந்துகொள்ளலாம் என்று அவர் தேநீர் இடைவேளையில் அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அம்மா லெட்ரோசோலை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் மூட்டு வலி குறையத்தானே செய்யும்! குறைந்ததும், பார்த்தாயா புது மாத்திரை கேட்கிறது என்று இன்னும் இரண்டு டப்பா வாங்கினார். ஒரு டப்பா 380 ரிங்கிட்.

அலமாரியில் பழைய மைலோ டின்னுக்குள் லெட்ரோசோல் அட்டைகள் ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. ஏன்மா என்று கேட்டதற்கு அம்மா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், செயற்குழு இதை மட்டுமாவது இரண்டு தடவை படிக்க வேண்டும்: “சங்கத்திலேயே கூப்பிட்டுப் பேச வெச்சாங்க, அது எப்படி தப்பா இருக்கும்?”

ஆகவே ‘அவரவர் விருப்பம்’ என்று சொல்லாதீர்கள். ரோட்டில் ஒருவன் நிறுத்தி மாத்திரை விற்றிருந்தால் அம்மா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பார். விற்றது அவர்கள்தான், ஆனால் நம்பிக்கை உங்களுடையது.

நான் டாக்டர் கிடையாது. பினாங்குத் தீவுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. அறுவைச் சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டு எங்களிடம் வரும். அதை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, மைக்ரோடோம் இயந்திரத்தில் நாலு மைக்ரான் கனத்துக்குச் சீவினால் வெங்காயத் தோலைவிட மெல்லியதாக ஒரு நாடா வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் கண்ணாடிச் சில்லில் ஏந்தி எடுத்து, ஊதாவும் ரோஸும் சாயம் ஏற்றி, நோயியல் நிபுணரிடம் கொடுப்பது என் தொழில். எவ்வளவோ பேருடைய கட்டிகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. நல்ல பால்நாளத்தில் செல்கள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். கட்டி விழுந்த இடத்தில் அந்த வரிசை இருக்காது, செல்லின் உட்கருக்கள் பெருத்துக் கறுத்துக் கிடக்கும், நடுநடுவே இரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் அப்படியே உறைந்து நிற்பது தெரியும். அந்தப் பிரிதல்களை எண்ணித்தான் நிபுணர் கட்டியின் வேகத்தைக் கணிக்கிறார். அப்படிப் பிரிந்துகொண்டே இருக்க ஒரு செல்லுக்கு எது வேண்டுமோ அந்த டெலோமரேஸின் பெயரைத்தான் உங்கள் மண்டபத்தில் இளமை மருந்து என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

மேடையில் சொன்னது எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதுதான் இதில் உள்ள சாமர்த்தியம், பாதி உண்மை. குரோமோசோம் நுனியில் இருக்கும் டெலோமியர் உண்மை, டெலோமரேஸ் உண்மை, நோபல் பரிசும் உண்மை. எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர், ஜாக் ஷோஸ்டாக் ஆகிய மூவருக்கும் 2009இல் மருத்துவத்துக்கான நோபல் கிடைத்தது இந்த ஆராய்ச்சிக்குத்தான். அந்த மூவரின் படத்தைத் திரையில் போட்டுவிட்டு அடுத்த படத்திலேயே டப்பாவைப் போட்டார்களாம், ஏதோ அவர்களே கையெழுத்துப் போட்டு அனுப்பியது மாதிரி. பிளாக்பர்ன் அம்மையாரே டெலோமரேஸைத் தூண்டும் பொருட்களைப் பற்றி, சில புற்றுநோய்களின் ஆபத்தைக் கூட்டிவிடலாம் என்று பொது மேடையில் எச்சரித்தவர் என்பது அந்தத் திரையில் வரவில்லை.

நடந்த அறிவியல் என்ன? 1961இல் லெனர்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் இருவரும் பிலடெல்பியாவில் மனித செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பார்த்து, அவை சுமார் 50 தடவை பிரிந்த பிறகு நின்றுவிடுகின்றன என்று காட்டினார்கள். அதுவரைக்கும் உடம்புக்கு வெளியே செல்லை வளர்த்தால் அது சாகாமல் வளர்ந்துகொண்டே இருக்கும் என்றுதான் நம்பியிருந்தார்கள். ஏன் நிற்கிறது என்பதற்கு விடை, செல்லுக்குள் டி.என்.ஏ. சுருண்டிருக்கும் குரோமோசோமின் நுனியில் இருந்தது. சேலை முந்தானையில் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் கட்டுவோமே, அந்த மாதிரி குரோமோசோம் நுனியில் டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற டி.என்.ஏ.வின் ஆறெழுத்து ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும். அதுதான் டெலோமியர். செல் ஒவ்வொரு தடவை பிரியும்போதும் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் எந்திரத்தால் கடைசி நுனிவரை எடுக்க முடியாது, கொஞ்சம் விட்டுப்போகும். ரஷ்யாவில் ஒலோவ்னிகோவ் 1971இலும் அமெரிக்காவில் வாட்சன் 1972இலும் தனித்தனியாக இந்தச் சிக்கலை எழுதி வைத்தார்கள். நுனி ரொம்பக் குட்டையானதும் செல் ‘இனி பிரியக்கூடாது’ என்று நின்றுவிடும், அல்லது செத்துப்போகும்.

1984 கிறிஸ்துமஸ் நாளில் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்குப் போன கேரல் கிரைடர், குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமீனா என்ற ஒற்றைச் செல் உயிரியில், தேய்ந்த நுனியை மறுபடி நீட்டிக்கொடுக்கும் நொதி ஒன்று இருப்பதன் தடயத்தை எக்ஸ்ரே படலத்தில் பார்த்தார். அதுதான் டெலோமரேஸ். அப்புறம் 1998இல் சாதாரண மனித செல்லுக்குள் அந்த நொதியின் மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள், செல் தன் எல்லையைத் தாண்டிப் பிரிந்துகொண்டே போனது. இளமை மாத்திரைக் கதை பிறந்தது இங்கேதான்.

ஆனால் நம் உடம்பு இந்த நொதியை ஏன் அடக்கி வைத்திருக்கிறது என்ற கேள்வியை மேடையில் யாரும் கேட்கவில்லை. கருவில் இருக்கும்போது டெலோமரேஸ் தாராளமாக இருக்கும். பிறந்த பிறகு விந்தணுவை உண்டாக்கும் செல்கள், எலும்பு மஜ்ஜை, குடல், தோல் போன்ற இடங்களில் புதுச் செல்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள், தொற்றை எதிர்க்கக் கிளம்பும் வெள்ளையணுக்கள் இப்படிச் சில இடங்களில் அளவோடு வேலை செய்யும். மற்றபடி பெரும்பாலான செல்களில் அடங்கிக் கிடக்கும். அடங்கிக் கிடப்பது குறை இல்லை, காவல். ஒரு செல்லில் பிழைகள் சேர்ந்து கன்னாபின்னாவென்று பிரியத் தொடங்கினால், டெலோமியர் தேய்ந்து தீர்ந்து ஒரு கட்டத்தில் அது தானாகவே நிற்கும். புற்றுநோயாக மாற வேண்டுமென்றால் அந்தத் தடையைத் தாண்டியாக வேண்டும், தாண்ட டெலோமரேஸை எழுப்பியாக வேண்டும்.

1994இல் வந்த ஆய்வில் 101 கட்டிகளைச் சோதித்தபோது 90இல் டெலோமரேஸ் வேலை செய்துகொண்டிருந்தது. நோயில்லாத சாதாரணத் திசு 50ஐச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. மார்பகக் கட்டிகளிலும் பெரும்பாலானவற்றில் இது இருப்பதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2013இல் தோலில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயில், இந்த நொதியின் மரபணுவுக்கு முன்னால் உள்ள ஒரே ஒரு டி.என்.ஏ. எழுத்து மாறினாலே அது விழித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தார்கள். 1951இல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் இன்றைக்கும் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெண் அதே வருடம் 31 வயதில் இறந்துவிட்டார். அந்தச் செல்களிலும் டெலோமரேஸ் ஓய்வதில்லை. ‘என்றும் இளமை’ வேண்டும் என்றால் அதுதான் என்றும் இளமை.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெலோமரேஸ் தானாகப் புற்றுநோயை உண்டாக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, டெலோமியர் அளவுக்கு மீறிக் குட்டையாவதும் ஆபத்துதான். பிறவியிலேயே இந்த நொதி குறைபட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எலும்பு மஜ்ஜை வற்றிப்போகும், நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும். அவர்களுக்கு உதவ டானசோல் என்ற ஹார்மோன் மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2016இல் ஆய்வு வெளிவந்தது, அதுவும் கல்லீரலைக் கண்காணித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டுப்பாட்டில். எதிர்ப்பக்கத்தில், மரபிலேயே நீண்ட டெலோமியர் வாய்த்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாகவும் சிலவகைப் புற்றுநோய் ஆபத்து கூடுதலாகவும் இருக்கிறது என்று 2017இல் பெரிய அளவில் தகவல் திரட்டிச் செய்த ஆய்வு சொன்னது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் பிடுங்கும் விஷயம் இது. இதைப் போய் ‘காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு’ என்று விற்கலாமா?

மேடையில் காட்டிய அந்த எலிப் படம் ஞாபகம் இருக்கிறதா? இடப்பக்கம் முடி கொட்டிய கிழட்டு எலி, வலப்பக்கம் பளபளவென்று இளம் எலி, கைத்தட்டல் அதற்குத்தான் அதிகமாம். 2010இல் ஹார்வர்டு குழு வெளியிட்ட ஆய்வைத்தான் அப்படிக் காட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அந்த எலிகள் பிறவியிலேயே டெலோமரேஸ் இல்லாதபடி மரபணுவை மாற்றி வளர்க்கப்பட்டவை. இல்லாமல் செய்த ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், சிதைந்த உறுப்புகள் தேறின. நல்ல ஆய்வு, சந்தேகமில்லை. 2012இல் ஸ்பெயினில் வைரஸ் வழியாக வயதான எலிகளுக்கு இந்த மரபணுவைக் கொடுத்து ஆயுளைக் கூட்டியும் காட்டினார்கள், புற்றுநோய் கூடவில்லை. இரண்டு ஆய்விலும் மாத்திரை கிடையாது. எலியின் கணக்கு வேறு என்பதும் இருக்கிறது. அதன் டெலோமியர் நம்முடையதைவிட நீளம், பல உறுப்புகளில் டெலோமரேஸும் விழித்தே இருக்கிறது, இருந்தும் அது இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகிறது. டெலோமியர்தான் வயதுக்கு ஒரே கடிகாரம் என்றால் எலி நம்மைவிட நீண்டகாலம் வாழ வேண்டுமே.

சரி, டப்பாவில் என்ன இருக்கிறது? அஸ்ட்ராகலஸ் சாறு என்று போட்டிருக்கிறது. சீன மருந்துக் கடையில் சூப்பில் போடுவதற்கு ‘பக் கீ’ என்று நீளநீளமாக மஞ்சள் சீவலாக விற்பார்களே, அந்த வேர்தான். அதிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் குடுவையில் வளரும் செல்களில் டெலோமரேஸைக் கொஞ்சம் தூண்டுவதாகச் சில ஆய்வுகள் உண்டு. அதைச் சாப்பிட்ட மனிதர் இளமையானார் என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் இதே வகைப் பொருளை முதுமையை மாற்றும், புற்றுநோயைத் தடுக்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்த ஒரு கம்பெனிமேல் அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் 2018இல் நடவடிக்கை எடுத்தது, போதிய சான்று இல்லாமல் அப்படிச் சொல்லக்கூடாது என்று கட்டுப்படுத்தியது.

இந்த இடத்தில் செயற்குழுவில் இருக்கும் யாராவது ஒருவர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை சொன்னபடி டெலோமரேஸை எழுப்பவில்லை என்றால், ஓய்வூதியத்திலும் சேமநிதியிலும் வாழும் பெரியவர்களிடம் காசைப் பிடுங்கியது மட்டும்தான் நடந்தது. சொன்னபடி எழுப்புகிறது என்றால், உடம்பில் எங்கேயாவது நாலு புற்றுச் செல் மிச்சமிருக்கலாம் என்று பயந்து மருந்து சாப்பிடும் என் அம்மாவைப் போன்றவர் தொடவே கூடாத பொருள் அது. இதில் எந்தப் பக்கத்தை நம்பி நீங்கள் மண்டபத்தைத் திறந்துவிட்டீர்கள்? டெலோமரேஸ்மேல் நேரடியாக வேலை செய்யும் மருந்து ஒன்று 2024 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது, இமெடெல்ஸ்டாட் என்று பெயர். மஜ்ஜைக் கோளாற்றால் அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் ஒரு வகை நோயாளிகளுக்கு, நாலு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுகிறார்கள், ரத்த அணுக்கள் குறைகின்றனவா என்று விடாமல் சோதிக்கிறார்கள். அது டெலோமரேஸை எழுப்பும் மருந்து இல்லை. தடுக்கும் மருந்து.

அன்றைக்கு மண்டபத்தில் எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்த அந்த ‘ஆப்பிள் ஸ்டெம் செல்’ பானத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆப்பிள் செல் மனுஷச் செல்லாக மாறாது, வயிற்றுக்குள் போனால் மற்ற சாப்பாட்டைப் போல் செரித்துப்போகும். செல்லை வளர்த்து உறுப்பைச் சரிசெய்யும் நிஜமான மறுவளர்ச்சி மருத்துவம் எவ்வளவு பயந்து பயந்து நடக்கிறது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா தோல் செல்லைத் திரும்ப ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார், முதலில் 2006இல் எலியில், மறுவருடம் மனித செல்லில். 2012இல் நோபல் வாங்கினார். அப்படி மாறும்போது செல்லில் டெலோமரேஸ் விழித்துக்கொள்கிறது, டெலோமியர் நீள்கிறது, அதனாலேயே அதைத் திசுவாக வளர்க்க முடிகிறது, அதனாலேயே சரியாகப் பக்குவப்படாத செல் ஒன்றிரண்டு தப்பினால் கட்டியாகிவிடுமோ என்ற கவலையும் இருக்கிறது. 2014இல் ஜப்பானில் அந்த முறையில் விழித்திரைச் செல்லை வளர்த்து ஒரு மூதாட்டியின் கண்ணில் முதல்முறையாக வைத்தார்கள். இரண்டாவது நோயாளிக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும் அதை வைக்காமல் நிறுத்திவிட்டார்கள். உலகத்தின் கண்ணே அவர்கள்மேல் இருந்தபோதும் ஒரே ஒரு நோயாளிக்காக நிறுத்தினார்கள். நம் மண்டபத்தில் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை அந்தப் பானத்தைக் காகிதக் குவளையில் ஊற்றிக் கொடுத்தார்கள், யாருக்கு என்ன நோய் என்றுகூடக் கேட்கவில்லை.

இல்லை, கேட்டார்கள்! வரும்போதே ஒரு படிவம் நிரப்பச் சொன்னீர்களே. பெயர், கைப்பேசி எண், இனிப்புநீர், ரத்த அழுத்தம், புற்றுநோய், சிறுநீரகம் என்று கட்டம் போட்டு. அம்மா புற்றுநோய்க் கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார். மறுவாரத்திலிருந்து விற்பனை ஆட்கள் வீட்டுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள், “ஆன்ட்டி, உங்க நோய்க்குத் தனி பேக்கேஜ் இருக்கு” என்று. அந்தப் படிவங்கள் சங்கத்தின் கையிலிருந்து எப்படிக் கம்பெனியின் கைக்குப் போயின? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010 உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்து, வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. பக்கத்து வரிசை வீட்டு அத்தைக்கு இனிப்புநீர். அவரிடமும் ‘தனி பேக்கேஜ்’ விற்றிருக்கிறார்கள். மகன் சிங்கப்பூரில் இருப்பதால் கேட்க ஆளில்லை.

சட்டம் இன்னும் இருக்கிறது. மருந்து விளம்பரம் விற்பனைச் சட்டம் 1956, புற்றுநோய், நீரிழிவு போன்ற பட்டியலிட்ட நோய்களைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. நம் நாட்டில் மருந்தாகவோ உடல்நலச் சத்துப் பொருளாகவோ பதிவான பொருளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கும், தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். அந்தப் பதிவு இருந்தாலே நோய் தீரும் என்று அர்த்தமில்லை, குறைந்தபட்சம் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அம்மா வாங்கிய டப்பாவை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எண்ணும் இல்லை ஒட்டுச்சீட்டும் இல்லை. கேட்டால் “இது உணவு வகை, மருந்து இல்லை” என்கிறார்கள். மேடையில் மருந்து, டப்பாவில் உணவு!

அவர்கள் பொங்கல் விழாவுக்கு நன்கொடை கொடுத்தது எனக்குத் தெரியும். பிளாஸ்டிக் நாற்காலிகளும் இரண்டு சக்கர நாற்காலிகளும் அவர்கள் வாங்கிக் கொடுத்தவை என்றும் தெரியும். செயற்குழு சம்பளமில்லாமல் ஓடியாடி வேலை செய்வதை நான் குறைவாகப் பேசவில்லை. அரசாங்க மானியம் போதவில்லை என்று தலைவர் ஐயா கவலைப்படுவதையும் கேட்டிருக்கிறேன். ஆனாலும் அந்த நாற்காலிக்குக் காசு கொடுத்தவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கிழவிகள்தான் என்பதை யாராவது சொல்ல வேண்டும் இல்லையா.

அம்மா இப்போது மறுபடி லெட்ரோசோல் சாப்பிடுகிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கோபப்படவில்லை. மூட்டு வலிக்கு உடற்பயிற்சியும் வேறு வழிகளும் இருக்கின்றன, இந்த மாத்திரை ஒத்துவரவில்லை என்றால் அதே வகையில் இன்னொன்றுக்கு மாற்றலாம், வலிக்கிறது என்று எங்களிடம் சொன்னால் போதுமே என்றார். அடுத்த ஸ்கேனுக்குக் காத்திருக்கிறோம். விட்டுப்போன மாதங்களுக்கு என்ன விலை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

செயற்குழுவிடம் நான் கேட்பது இவை.

அடுத்த மாத நிகழ்ச்சியை ரத்து செய்யுங்கள், தள்ளி வைப்பது போதாது. ரத்து செய்த செய்தியை அதே வாட்சாப் குழுவில் போடுங்கள், படிக்க முடியாதவர்களுக்காகத் தலைவர் ஐயா சொந்தக் குரலில் தமிழில் பேசி அனுப்புங்கள். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தியவர்கள் உடனே தங்கள் டாக்டரையோ மருந்தாளரையோ பார்க்க வேண்டும், வாங்கிய டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என் அம்மா ஒருத்தர் மட்டும் இப்படி நிறுத்தியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

உறுப்பினர்கள் நிரப்பிய படிவங்களையும் அவற்றின் நகல்களையும் கம்பெனியிடமிருந்து திரும்பக் கேட்டு, இனி உறுப்பினர்களை அழைக்க மாட்டோம் என்று எழுத்தில் வாங்குங்கள். பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறவர்களுக்குச் சங்கம் கூட நிற்க வேண்டும். நேரடி விற்பனைச் சட்டம் 1993 வாங்கியவர் மனம் மாற அவகாசம் கொடுக்கிறது, அது கடந்துவிட்டவர்கள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரைக்கும் அங்கே கோரலாம், கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. தனியாகப் போகச் சொன்னால் நம் பெரியவர்கள் யாரும் போக மாட்டார்கள். செயலாளர் அண்ணன் ரசீதுகளைச் சேகரித்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தால் நானும் கூட வந்து உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

இனிமேல் உடல்நலம் என்ற பெயரில் யார் மேடை ஏறினாலும் அன்றைக்கு மண்டபத்தில் எந்தப் பொருளும் விற்கக்கூடாது, பேசுகிறவரின் பதிவைச் செயற்குழு முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பலகையில் ஒட்டுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் அரசாங்க கிளினிக்கின் மருந்தாளரைக் கூப்பிடுங்கள், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தைக் கூப்பிடுங்கள். அவர்கள் பாக்கெட் சாப்பாடு கொண்டுவர மாட்டார்கள். அன்றைக்கு மீ ஹூனும் தேநீரும் நாங்கள் பிள்ளைகள் சேர்ந்து போட்டுக்கொள்கிறோம்.

கடைசியாக, கம்பெனியிடமிருந்து இதுவரை வாங்கிய நன்கொடை எவ்வளவு, விற்பனையில் சங்கத்துக்கோ செயற்குழுவில் யாருக்கோ பங்கு இருந்ததா என்பதை ஆண்டுக்கூட்டக் கணக்கில் தனி வரியாகக் காட்டுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள்.

பதிலை எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சொல்ல வேண்டாம், அம்மாவை அழைத்து ‘மகளை அடக்கு’ என்று சொல்லவும் வேண்டாம். அடுத்த மாத நிகழ்ச்சிக்குக் குறித்த தேதிக்கு முன்னால் குழுவிலேயே எழுத்தில் போடுங்கள்.

ஓர் உறுப்பினரின் மகள்
பட்டர்வொர்த், பினாங்கு